ஏழாம் தேதி மளிகை

எங்கள் தெருவில் மாதம் பிறப்பது ஏழாம் தேதியில்தான். காலண்டர் என்ன சொன்னாலும் சரி. மண்ணூர்பேட்டையில் எண்பதுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். 1936இல் வெள்ளைக்காரன் போட்ட சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில், ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஆலையில் சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள்ளும், அதற்கு மேற்பட்ட ஆலையில் பத்தாம் நாளுக்குள்ளும் கூலி தரவேண்டும் என்றிருந்தது. அப்பா வேலை பார்த்தது எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறை. ஆகவே எங்கள் வீட்டு மளிகை ஏழாம் தேதி. பெரிய கம்பெனிக்காரர் வீடுகளில் பத்தாம் தேதி. ஒரு தெருவின் துவரம்பருப்பை இந்தச் சட்டம்தான் ஆண்டது என்று பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் வந்தது. அதற்கு முன்பே, 1949இல், டி.ஐ. சைக்கிள் ஆலை அம்பத்தூரில் தொடங்கிவிட்டது. பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிஸ்கட் வாசனையோடு பிரிட்டானியா. வயலும் ஏரியுமாக இருந்த இடத்தில் மாதச் சம்பளம் என்ற புதிய பருவம் வந்தது. அறுவடைக்கு ஒருமுறை நெல்லைக் குதிரில் கொட்டி ஆண்டு முழுக்கச் சாப்பிட்டவர்களின் பிள்ளைகள், முப்பது நாளுக்கு ஒரு சின்ன அறுவடையை வைத்துக் கணக்குப் போடப் பழகினார்கள். குதிர் போய் தகர டின் வந்தது. புத்தி மட்டும் பழையதுதான்.

அம்மாவுக்கு அந்தப் புத்தி உண்டு. தை, மாசியில் புதுத் துவரை வரும்போது பருப்பு வாங்குவாள். வெயிலில் காயவைத்து, விளக்கெண்ணெய் தடவி, டின்னில் வசம்பு போட்டு மூடுவாள். பங்குனியில் புதுப்புளி. கொட்டையெடுத்து, உப்புப் போட்டு அமுக்கி, ஜாடியில் வைத்தால் அடுத்த பங்குனி வரை கருத்தாலும் கெடாது. சித்திரை வெயிலில் மிளகாயும் வடகமும். “விலை ஏறும்போது வாங்குறவன் கடைக்காரனுக்குச் சம்பாதிக்கிறான்” என்பாள்.

பக்கத்துப் போர்ஷன் அக்கா இப்படி வாங்க முடியாது. அவர் வீட்டுக்காரர் சித்தாள் வேலைக்குப் போனார். கூலி அன்றாடம். சாயங்காலம் ஆறரைக்கு அண்ணாச்சி கடையில் நூறு எண்ணெய், ஐம்பது பருப்பு, எட்டணாவுக்குப் புளி. எனக்குக் கணக்குப் பாடம் வந்தது அங்கேதான். கிலோ பதினெட்டு ரூபாய் என்றால் ஐம்பது கிராம் தொண்ணூறு காசு. ஆனால் பொட்டலம் ஒரு ரூபாய். அப்படியே இருபது பொட்டலம் வாங்கினால் ஒரு கிலோ, இருபது ரூபாய். அக்கா ஒவ்வொரு கிலோவுக்கும் எங்களைவிட இரண்டு ரூபாய் கூடக் கொடுத்தார். அண்ணாச்சி அநியாயக்காரர் இல்லை. பொட்டலம் மடிக்கப் பேப்பரும் நேரமும் வேண்டும், சில்லறை இல்லை. ஆனாலும் குறைந்த காசு உள்ளவர்தான் கூடுதல் விலை கொடுக்கிறார். சிக்கனத்துக்கு முதலில் முதல் வேண்டும். சேமிக்கும் வழிகளைச் சொல்லித் தருபவர்கள் இதை மட்டும் சொல்வதில்லை.

இந்தச் சிக்கலை நம் ஊர்க்காரர்கள் நூறு வருடத்துக்கு முன்பே பார்த்திருக்கிறார்கள். 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. இந்தியாவின் முதல் நுகர்வோர் கூட்டுறவுகளில் ஒன்று அது; தொடங்கியவர்களில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியும் இருந்தார். குமாஸ்தா, வாத்தியார் போன்ற மாதச் சம்பளக்காரர்கள் வாழ்ந்த பேட்டை. ஆளுக்குக் கொஞ்சம் பங்குப் பணம் போட்டு, மொத்தமாகச் சரக்கு எடுத்து, தங்களுக்கே விற்றுக்கொள்வது. இதற்கு முன்னோடி இங்கிலாந்தின் ராச்டேல். 1844 டிசம்பர் 21 அன்று, நெசவாளர்கள் நிறைந்த 28 பேர் கொண்ட சங்கம் டோட் லேன் என்ற சந்தில் ஒரு கடை திறந்தது. மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவர்த்தி, அவ்வளவுதான் சரக்கு. கடன் கிடையாது. கலப்படம் கிடையாது. வருகிற லாபத்தை, யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த அளவில் திருப்பித் தருவார்கள். தனியாளிடம் இல்லாத முதலைக் கூட்டம் சேர்ந்து உண்டாக்கியது. திருவல்லிக்கேணிச் சங்கத்தின் காமதேனு கடைகளில் மளிகை வாங்கியவர்கள் அந்தக் கதையின் வால்பகுதியைப் பிடித்திருக்கிறார்கள்.

இன்னொரு வழி ரேஷன். 1942இல் பர்மா ஜப்பான் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. பட்டணம் பங்கீட்டுக்கு வந்தது. 1952இல் ராஜாஜி கட்டுப்பாட்டை எடுத்தார். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றது தி.மு.க. ஆட்சிக்கு வந்தபின் ஒரு படியைச் சென்னையிலும் கோவையிலும் கொடுத்துப் பார்த்தார்கள். 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. 1997இல் மத்திய அரசு, ஏழைகளுக்கு மட்டும் என்று ரேஷனைச் சுருக்கியபோது தமிழ்நாடு ஒப்பவில்லை. எல்லோருக்கும் என்றே வைத்துக்கொண்டது. 2007இல் பருப்பும் பாமாயிலும் சேர்ந்தன. 2011 ஜூனில் அரிசிக்கு விலையே இல்லாமல் போனது. எங்கள் வீட்டில் அந்த அரிசி இட்லிக்கு. அக்கா வீட்டில் மூன்று வேளைக்கும்.

மூன்றாவது வழிக்குச் சட்டமும் இல்லை, பதிவும் இல்லை. அம்மா கண்டுபிடித்தாள் என்று நினைத்திருந்தேன். அந்தக் காலத்து லைன் வீடுகளில் வேறு பலரும் செய்திருப்பார்கள். எங்கள் வரிசையில் ஐந்து குடித்தனம். செங்குன்றம் மண்டியிலிருந்து 75 கிலோ அரிசி மூட்டை, பாரிஸ் பக்கமிருந்து பதினைந்து கிலோ எண்ணெய் டின். திண்ணையில் பிரித்துக்கொள்வார்கள். அக்காவின் பங்குக்கு அம்மா முன்பணம் போடுவாள். அக்கா தினமும் இரண்டு ரூபாய் கொண்டுவந்து தருவார். ஒரு நாள் அப்பா கேட்டார்: “அவங்க குடுக்கலன்னா?” அம்மா அரிசி அளந்துகொண்டே, “குடுக்காத நாள் வேலை இல்லாத நாளுங்க. அதுக்குத்தானே அரிசி” என்றாள்.

நான் எட்டாவது படிக்கும்போது அப்பாவின் பட்டறையில் கதவடைப்பு. ஏழாம் தேதி வந்தது, சம்பளம் வரவில்லை. டின்களைத் திறந்து திறந்து அம்மா நாற்பது நாள் ஓட்டினாள். முதலில் எண்ணெய் தீர்ந்தது, பிறகு பருப்பு. புளி மட்டும் நிறைய இருந்தது. புளிக்குழம்பைப் பார்த்தாலே தம்பி அழுவான். நாற்பத்தோராம் நாள் சாயங்காலம் அக்கா வந்தார். கையில் நூறு எண்ணெய், ஐம்பது பருப்புப் பொட்டலம். “எனக்கு வாங்கறப்ப ஒண்ணு சேத்து வாங்கிட்டேன் யக்கா” என்றார். அம்மாவை அவர் யக்கா என்பார், அம்மா அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். அன்றைக்கு அம்மா ஒன்றும் பேசவில்லை. பொட்டல நூலைப் பிரித்துச் சுற்றி ஆணியில் மாட்டினாள். பட்டறை திறக்கும்வரை மூன்று வாரம் இப்படியே வந்தது. கூடுதல் விலை கொடுத்து வாங்கிய பருப்பு.

சேர்த்து வைப்பதற்கு ஓர் எல்லை உண்டு என்று அன்று தெரிந்தது. டின் தீரும். தீர்ந்தபின் நமக்கு வந்தது, நாம் முன்பு வேறொருவர் வீட்டில் போட்டுவைத்தது.

இப்போது அந்த லைன் வீடு இல்லை. நான்கு மாடி நிற்கிறது. நான் 25 கிலோ சிப்பம் வாங்குகிறேன், செல்போனில் தள்ளுபடி பார்த்து ஐந்து கிலோ பருப்பும். போன மாதம் டின்னைத் திறந்தால் வண்டு. வசம்பு போட மறந்திருந்தேன். மலிவாக வாங்கி வண்டுக்குக் கொடுத்தால் அது என்ன சிக்கனம்? புடைத்து வெயிலில் வைத்தேன். மீதியில் பாதியை என்ன செய்வது என்று யோசித்து, எதிர் வீட்டுக் கட்டட வேலைக்கு வந்திருக்கும் பீகார் பையன்களிடம் கொண்டுபோனேன். அவர்கள் அண்ணாச்சி கடையில் பொட்டலமாகத்தான் வாங்குகிறார்கள். கிலோ விலை கேட்டார்கள். சொன்னேன். மறுநாள் அதில் ஒருவன் வந்து, அடுத்த சிப்பம் எடுக்கும்போது தங்களுக்கும் சேர்த்து எடுக்க முடியுமா என்று கேட்டான். பணம் தினமும் கொஞ்சமாகத் தருவானாம்.