மருமகனுக்கு ஒரு பெயர்

அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்ததில் இருந்து வீட்டில் ஒரே பெயர்ப் பஞ்சாயத்து. "பள்ளிக்கூடத்தில் இன்னொருத்தனுக்கு இருக்காத பேரா வேணும்" என்பது அக்காவின் நிபந்தனை. மச்சான் எண் கணிதப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டார். தாத்தாவுக்குத் தன் பெயரை வைக்க வேண்டும் என்று ஆசை. அதிலும் நியாயம் உண்டு. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பதால் 'பெயரன்'. அதுதான் பேச்சில் பேரன் ஆனது.

யாருக்கும் இல்லாத பெயர்தானே வேண்டும்? எங்கள் காளையார்கோவிலிலேயே ஒன்று இருக்கிறது என்று நான் நடுவில் புகுந்தேன். வேங்கைமார்பன்!

சங்க காலத்தில் எங்கள் ஊருக்குக் கானப்பேர் என்று பெயர். பிற்காலத்தில் சுந்தரர் இங்குள்ள இறைவனைக் காளை என்று பாட, ஊரும் காளையார்கோவில் ஆனது. ஆழமான அகழி, உயர்ந்த மதில், சுற்றிலும் காவற்காடு என்று இருந்த கானப்பேர்க் கோட்டையின் தலைவன்தான் வேங்கைமார்பன். பாண்டியன் உக்கிரப்பெருவழுதி அதைப் பிடித்துக்கொண்டான். கோட்டை இனித் திரும்பக் கிடைக்காது என்று வேங்கைமார்பன் வருந்தியதை ஐயூர் மூலங்கிழார் பாடியிருக்கிறார். புறநானூற்றில் 21ஆம் பாட்டு.

அந்தப் பாட்டு பாண்டியனைப் புகழ்வதற்காகப் பாடியது. அகநானூற்றைத் தொகுக்கச் செய்தவன் என்ற பெருமையும் அவனுக்கு உண்டு. தோற்றவன் பெயரோ எதிரியின் புகழ்ப் பாட்டுக்குள் ஒளிந்து பிழைத்திருக்கிறது. 1894ல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டார். ஏட்டில் கிடந்த அந்தப் பெயரும் அச்சேறியது.

பழைய பெயர்கள் திரும்பி வராமல் இல்லை. திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். அது பாண்டிய மன்னன் பெயர். அதற்குப் பிறகு எத்தனையோ நெடுஞ்செழியன்கள் வந்துவிட்டார்கள். வேங்கைமார்பன் என்று ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு தாத்தா ஒரே போடாகப் போட்டார். "தோத்தவன் பேரையாடா பச்சைப் பிள்ளைக்கு வைக்கிறது?"

எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், 1772ல் இதே காளையார்கோவிலில் கம்பெனிப் படையோடும் நவாப் படையோடும் மோதி உயிர்விட்ட முத்துவடுகநாதரும் தோற்றவர்தான். 1801 அக்டோபரில் காளையார்கோவில் வெள்ளையர் கைக்குப் போனது. அந்த மாதம் 24ஆம் தேதி மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அதுவும் தோல்விதான். ஆனாலும் எங்கள் பக்கம் மருது, மருதுபாண்டி என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பெயர் நிலைப்பதற்கு ஜெயிக்க வேண்டியதில்லை. நினைத்துப் பார்க்க ஊரில் ஆள் இருந்தால் போதும். வேங்கைமார்பனுக்கு அந்த ஆள்தான் இல்லாமல் போனது.

இதைச் சொன்னதும் தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே, "சரி, வீட்டில் எப்படிக் கூப்பிடுறது?" என்றார்.

"வேங்கை" என்றேன்.

அக்கா பட்டியலில் கடைசிப் பெயராக எழுதி வைத்திருக்கிறாள். மச்சான் இன்னும் கூட்டு எண் போட்டுக்கொண்டு இருக்கிறார்.