நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் (அமெரிக்கக் கூட்டரசு)

அமெரிக்கக் கூட்டரசு ஊழியர்கள் கருவூலப் பணத்தை எதற்கு, எப்போது, எவ்வளவு செலவிடலாம் என்பதை வரையறுக்கும் விதிகளின் தொகுதி. சட்டம் இயற்றி ஒதுக்காமல் கருவூலத்திலிருந்து பணம் எடுக்கலாகாது என்னும் அரசியலமைப்பு விதியே இதன் வேர்.

ஒதுக்கிய நோக்கத்துக்கே பணம் செல்ல வேண்டும் என்பது 1809-இலிருந்து சட்டம். எனவே அலுவலகத்தில் ஊழியர் உண்ணும் சாப்பாடு பொதுவாகச் சொந்தச் செலவு. சில்லறை விஷயமாகத் தோன்றும் இதைப் பற்றியே தீர்ப்புரைகள் ஏராளம். இரண்டாவது வரம்பு காலம். நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்கும். ஓராண்டு ஒதுக்கீடு அவ்வாண்டின் மெய்யான தேவைக்கு மட்டுமே. செப்டம்பர் கடைசியில் மிச்சப் பணத்தில் மறு ஆண்டுக்கான பொருளைத் தேவையின்றி வாங்கிக் குவிக்க இடமில்லை.

கடுமையானது மூன்றாவது வரம்பான அளவு. 1870-இல் வேர்கொண்ட பற்றாக்குறைத் தடுப்புச் சட்டம், ஒதுக்கீட்டுக்கு மேலோ ஒதுக்கீட்டுக்கு முன்போ கடப்பாடு ஏற்பதைத் தடுக்கிறது. விதிவிலக்கான சூழல் தவிர, ஊதியமில்லாத் தன்னார்வப் பணியையும் ஏற்க முடியாது. இலவசமாக வேலை வாங்கிவிட்டுப் பின்னர் நாடாளுமன்றத்திடம் பணம் கேட்கும் தந்திரத்துக்கு இட்ட பூட்டு அது. தெரிந்தே மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. நடைமுறையில் துறை நடவடிக்கையோடு முடிவதே வழக்கம். 1980-இல் அரசுத் தலைமை வழக்கறிஞர் பெஞ்சமின் சிவிலெட்டி இச்சட்டத்துக்குத் தந்த கண்டிப்பான விளக்கமே ஒதுக்கீடு இல்லாதபோது நேரும் இன்றைய அரசு முடக்கங்களுக்கு அடிப்படை.

1921-இல் நிறுவப்பட்ட அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் இவ்விதிகளைப் பற்றி வெளியிடும் விளக்க நூலுக்கு, ஊழியர்களிடையே ‘சிவப்புப் புத்தகம்’ என்று பெயர்.