தறியும் சட்டகமும்: இணைய மென்பொருள் வரலாற்றில் கீழைக்கரை

கணனி மென்பொருளின் வரலாறு மேலைநாடுகளுக்கே உரியது என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியுள்ளது. இணையச் சட்டகங்களின் வளர்ச்சியை ஆராயப் புகுவோர் இவ்வெண்ணத்தைச் சற்றே திருத்திக்கொள்ள நேரும்.

சட்டகம் என்பது யாது? மருதமுனையாருக்கு இதனை விளக்குதல் எளிது. தறியை ஒருமுறை அமைத்துவிட்டால் பாவும் ஊடையும் மாறலாம், தறி மாறுவதில்லை. பயனரை அடையாளங்காணல், படிவத்தைச் சரிபார்த்தல், தரவுத்தளத்தோடு உரையாடல் முதலாய, எந்நிறுவனத்துக்கும் பொதுவான பணிகளை முன்கூட்டியே அமைத்துத் தருவது சட்டகம். 1990களின் நடுப்பகுதியில் ஒவ்வோர் இணையப் பக்கத்துக்கும் தனித்தனி நிரல் எழுதினர். 1999இல் சன் நிறுவனம் வெளியிட்ட ஜே2ஈஈ பெருநிறுவனங்களுக்கு ஒரு பொது ஒழுங்கைத் தந்தது. 2000இல் தோன்றிய ஸ்ட்ரட்ஸும், ஜே2ஈஈயின் பளுவை வெறுத்து 2004இல் முதற்பதிப்புக் கண்ட ஸ்பிரிங்கும் அடுத்த படிகள். அதே 2004இல் ரெயில்ஸ் வெளிவந்து, சிறு குழுவினரும் விரைந்து தளம் அமைக்கலாம் என்று காட்டியது.

இக்காலத்திலேதான் இலங்கை இவ்வரலாற்றுள் நுழைகின்றது. ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் பணியாற்றித் திரும்பிய சஞ்சீவ வீரவரண முதலியோர் 2003இல் லங்கா மென்பொருள் மன்றத்தை நிறுவினர். அப்பாச்சி அமைப்பின் அக்சிஸ்-2 உருவாக்கத்தில் இந்நாட்டு இளைஞர் பெரும்பங்கு கொண்டனர். 2005இல் தோன்றிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம், வேறுபட்ட மென்பொருள்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் இடைநிலைக் கருவிகளை உலகப் பெருநிறுவனங்களுக்கு விற்றது. வணிகக் கதை இவ்வளவில் நிற்க.

நமக்கு நெருங்கிய கதை வேறு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளை அழித்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாட்டிலேயே மிகக்கூடிய இழப்பு அதுவே. யார் எம்முகாமில் உள்ளார், யாரைக் காணவில்லை, எவ்வமைப்பு எங்கு உதவுகின்றது என்பதை அறிய ஒரு வழி வேண்டியிருந்தது. மேற்சொன்ன மன்றத்தைச் சூழ்ந்த தொண்டர்கள் சில வாரங்களுள் ‘சகன’ என்னும் திறந்த மூல மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் அச்சொல் நிவாரணத்தைக் குறிக்கும். நிறுவனச் சட்டகங்களின் பேரொழுங்கை நாடாது, எவரும் எளிதிற் கற்கக்கூடிய பி.எச்.பி. மொழியிலும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திலும் அவர்கள் அதனை அமைத்தமை அறிவுடைமை எனலாம். அவகாசமில்லாதவனுக்குக் கைக்கெட்டிய கருவியே நல்ல கருவி. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது. பின்னர் பைதன் மொழியில், வெப்2பை என்னும் சட்டகத்தின்மேல், ‘ஈடன்’ என்ற பெயரில் புதிதாய் எழுதப்பெற்றது. 2010இல் எயிட்டி நிலநடுக்கத்தின்போது பணிபுரிந்தது இப்புதுவடிவமே.

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. தறியின் அகலத்தை மீறிச் சேலை நெய்தல் இயலாது. ஈடனின் நபர் அட்டவணையில் முதற்பெயர், இடைப்பெயர், இறுதிப்பெயர் என மூன்று கட்டங்கள் உள. நம் வழக்கிலோ தந்தை பெயர் முன்னும் தன்பெயர் பின்னும் வரும். குடும்பப்பெயர் என ஒன்றில்லை. தந்தை பெயரை எக்கட்டத்தில் இடுவது? கல்முனை முஸ்லிம் ஆயினும், உள்ளே சொறிக்கல்முனையில் வாழும் கத்தோலிக்கர் ஆயினும் இடர்ப்பாடு ஒன்றே. மேலும், ‘முஹம்மது’ என்னும் ஒரு பெயரை ஆங்கில எழுத்தில் ஐந்தாறு விதமாய் எழுதுவர். மகனைத் தேடும் தாய் ஒரு விதமாயும் முகாம் எழுத்தர் வேறு விதமாயும் பதிந்தால், இருவர் பதிவும் ஒன்றையொன்று காணாமலே கிடக்கும். அழகிய வலைப்பக்கம் இதற்கு மருந்தாகாது.

ஈடனை ஆக்கியோர் இதனை ஓரளவு உணர்ந்தனர் என்றே கொள்ளவேண்டும். பெயர்ப் பகுதிகளின் வரிசையை மாற்றிக்கொள்ளவும், இறுதிப்பெயர் கட்டாயமா அன்றா என்று அந்தந்த நாட்டார் தீர்மானிக்கவும் அதன் அமைப்புக் கோப்பில் இடம் வைத்துள்ளனர்.