கல்வராயன் மலையும் மாறிவந்த நிருவாகங்களும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகச் செல்வோர் கோமுகி அணைப் பகுதியைக் கடந்ததும் கல்வராயன் மலையின் அடிவாரத்தை அடைவர். அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதை வெள்ளிமலைக்குச் செல்கிறது. சந்தை நாள்களில் கடுக்காய், புளி, தேன், சாமை முதலியவற்றுடன் கீழிறங்கி வரும் மலைவாழ் மக்களை நாம் நெடுங்காலமாக அறிவோம். அவர்களிடம் பொருள் வாங்கியிருக்கிறோம். அவர்களுக்கு உப்பும் துணியும் விற்றிருக்கிறோம். ஆயினும் அவர்களுடைய வரலாற்றை நம்மில் எத்தனை பேர் கேட்டறிந்திருக்கிறோம்?

நிருவாகம் ஒன்று கைமாறும்போது மக்களுக்கு என்ன நேர்கிறது என்பதற்கு இந்த மலையின் வரலாற்றைவிடத் தெளிவான சான்றை நம் வட்டாரத்தில் காண்பது அரிது. ஆகவே அதனை இங்கே சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

கல்வராயன் மலையில் பெரும்பான்மையாக வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடியினர். மலையை ஆள்வோர் என்னும் பொருளில் வந்த இப்பெயருக்கும் கேரளத்தாருக்கும் தொடர்பில்லை. இவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றும், அண்ணன் தம்பியர் மூவருள் மூத்தவர் வழியினர் கல்வராயன் மலையிலும் மற்ற இருவர் வழியினர் பச்சை மலையிலும் கொல்லி மலையிலும் குடியேறினர் என்றும் இவர்களிடையே வழிவழியாகக் கூறப்படுகிறது.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த மலைப்பகுதி சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் ஆகிய மூன்று ஜாகிர்தார்களின் வசம் இருந்தது. நாடு 1947இல் விடுதலை பெற்ற பின்னரும் இந்த ஏற்பாடு நீடித்தது. 1976ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள்தான் இம்மலைப்பகுதி ஜாகிர்தார்களிடமிருந்து அரசின் நேரடி நிருவாகத்துக்கு வந்தது. கீழே சமவெளியில் நாம் பல பொதுத் தேர்தல்களைக் கண்டுவிட்ட பிறகே மலைமேல் இந்த மாற்றம் நிகழ்ந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1976ஆம் ஆண்டில்தான்.

அந்த மாற்றம் நன்மையானதே, அதில் ஐயமில்லை. ஆனால் அதனோடு ஒரு சிக்கலும் வந்தது. எந்தச் சரிவில் யார் உழுகிறார், எந்த ஊற்று எந்த ஊருக்குரியது என்பன போன்ற செய்திகள் ஊர்ப் பெரியவர்களின் நினைவிலேயே இருந்தன. புதிதாக வந்த நிருவாகமோ பதிவேட்டையும் வரைபடத்தையும் கேட்டது. ஒரு தரப்பிடம் அறிவு இருந்தது, அதிகாரம் இல்லை. மறு தரப்பிடம் அதிகாரம் இருந்தது, அந்த அறிவு இல்லை. இவ்விரண்டையும் இணைக்கும் உறவு உடனே உருவாகிவிடவில்லை. மலைமக்களின் நிலவுரிமைச் சிக்கல் நெடுங்காலம் தீராமல் தொடர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம்.

அந்த இடைவெளியை நிரப்ப முயற்சிகள் நடைபெறாமல் இல்லை. 1970களில் ஒருங்கிணைந்த பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்டம் தமிழகத்தின் பிற மலைகளைப் போலவே இங்கும் வந்தது. மலை விளைபொருள்களை வாங்கவும் கடன் வழங்கவும் லேம்ப் எனப்படும் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கப்பட்டன. உண்டு உறைவிடப் பள்ளிகளும் அமைந்தன. 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி 1996இல் நடைபெற்ற உள்ளாட்சித் தேர்தலில் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு கிடைத்தது.

இனி, தூரத்தைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம். 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் வரை வெள்ளிமலைவாசி ஒருவர் மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டுமாயின், மலையிறங்கிக் கடற்கரையிலுள்ள கடலூர் வரை செல்ல வேண்டும். அந்நாளில் தென்னார்க்காடு பிரிக்கப்பட்டு விழுப்புரம் மாவட்டம் உருவானதும் பயணம் சற்றுக் குறைந்தது. 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் கள்ளக்குறிச்சி, தமிழகத்தின் 34ஆவது மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன்மலை தனி வட்டமும் ஆயிற்று. இவ்வாறு அரசு அலுவலகம் மலையடிவாரத்துக்கு மட்டுமன்றி மலைக்கே வந்து சேர்ந்தது.

அலுவலகம் அருகில் வந்துவிட்டால் உறவும் தானே வந்துவிடுமா? 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் நம் நெஞ்சை உலுக்கிய நிகழ்ச்சி இக்கேள்விக்கு விடை சொல்லிற்று. மாவட்டத் தலைநகரான கள்ளக்குறிச்சியிலேயே, கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தோர் அடுத்தடுத்து மாண்டனர். 60க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. தந்தையை இழந்த பிள்ளைகளும், தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளும் உண்டு. ஆட்சியர் அலுவலகம் தொலைவில் இருந்த காலத்தில் அன்று. மாவட்டம் உருவாகி நான்கு ஆண்டுகள் கடந்த பின்னரே இது நேர்ந்தது. இதையடுத்து 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாகவே முன்வந்து வழக்கெடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவ வசதி, பிழைப்பு ஆகியவை குறித்து அரசிடம் கேள்விகள் எழுப்பப்பட்டன. 1976இலேயே மலைமக்களிடம் கேட்டறிந்திருக்க வேண்டியவற்றை, 48 ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் கேட்க வேண்டியதாயிற்று.

அப்படியாயின் புதிய நிருவாகம் எவ்வாறு கற்றுக்கொள்வது? இதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு கிடைக்கிறது. ஜீன் லேவ் என்னும் மானிடவியலாளர் லைபீரியா நாட்டில் தையற்காரர்களிடம் தொழில் பழகுவோரை ஆராய்ந்தார். அவரும் எட்டியென் வெங்கரும் 1991இல் வெளியிட்ட நூலில் அந்த ஆய்வு இடம்பெற்றுள்ளது. அங்கே தொழில் பழக வருபவர் கையில் முதலில் கத்தரிக்கோல் கொடுக்கப்படுவதில்லை. பித்தான் தைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது போன்ற கடைசி வேலைகளை முதலில் பழகுகிறார், பிறகு தையல், துணி வெட்டுவது இறுதியில்தான். உடுப்பு முழுமையாக எப்படி அமைய வேண்டும் என்பதை அறிந்த பின்னரே வெட்டும் உரிமை கிடைக்கிறது. தவறாகத் தைத்தால் பிரித்துத் தைக்கலாம். தவறாக வெட்டிய துணியை என்ன செய்வது?

பொறுப்புக்குப் புதிதாக வருவோர் பலரும் முதல் நாளிலேயே கத்தரிக்கோலை எடுத்துவிடுகின்றனர். ஆனால் ஒரு திட்டத்தின் கடைசி முனை எது? மூதாட்டியின் கைக்கு வந்து சேரும் ரேஷன் அரிசியும், மாணவனின் கைக்கு வரும் சாதிச் சான்றிதழும் அல்லவா? அந்த முனையிலிருந்து கற்கத் தொடங்குபவரே எங்கே வெட்டலாம், எங்கே வெட்டலாகாது என்பதை அறிவார்.

நம் நாட்டுச் சட்டமொன்றும் இவ்வழியைக் காட்டியிருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபையிலிருந்தே தொடங்குகிறது. உரிமை கோருபவர் அல்லாத ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கிச் சான்றாக ஏற்கலாம் என்கின்றன அதன் விதிகள். பழைய கிணறும், இடுகாடும், வழிபாட்டு இடமும் சான்றுகளாகும். ஒருகாலத்தில் பதிவேட்டுக்கு வெளியே நின்ற நினைவுகளுக்குப் பதிவேட்டிலேயே இடம் கிடைத்தது. வழக்குகளின் காரணமாகத் தமிழகத்தில் இச்சட்டப்படி உரிமைப் பட்டா வழங்குவது 2016 வரை தடைபட்டிருந்தது என்பது வருந்தத்தக்கது. எனினும், அலுவலரும் ஊர்ப் பெரியவரும் ஒரே நிலத்தில் சேர்ந்து நடந்து எல்லையை அறிந்துகொள்வதற்கான வழி அதில் உண்டு.

இம்மலரைக் கையில் வைத்திருக்கும் நமக்கு இதில் ஒரு படிப்பினை இருக்கிறது. எந்த ஜமாஅத்திலும் நிருவாகக் குழுக்கள் மாறும். சாவியும் வரவு செலவுக் கணக்கும் கைமாறிவிட்டால் பொறுப்பு முழுமையாகக் கைமாறிவிட்டதாகக் கொள்ளலாகாது. எந்த வீட்டுப் பிள்ளையின் படிப்பு நின்றுவிடும் நிலையில் இருக்கிறது, எந்த விதவை உதவி கேட்கக் கூச்சப்படுகிறார் என்பதெல்லாம் பேரேட்டில் எழுதப்படுவதில்லை. அவற்றை அறிந்த முன்னாள் பொறுப்பாளர்களும் புதியவர்களும் சில மாதங்களேனும் சேர்ந்து தெருத்தெருவாக நடந்து, மக்களைச் சந்தித்துப் பேச வேண்டும். அவ்வாறே, நாம் சந்தையில் காணும் மலைவாழ் மக்களிடம் விலையை மட்டும் கேளாமல் அவர்களுடைய நலனையும் கேட்டறிதல் வேண்டும். நம் மாவட்டம் இளமையானது. அதனை ஒரே குடும்பமாக வளர்க்கும் கடமை மலைமேல் வாழ்வோருக்கும் மலையடியில் வாழும் நமக்கும் பொதுவானதாகும்.