வெட்டுண்ட பேய்க் காட்சிகள்

ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் பேய்ப்படங்களைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பெரியாழ்வாரும் ஆண்டாளும் தமிழ் பாடிய திருவில்லிபுத்தூர் கூப்பிடு தூரத்தில் இருக்க, இராஜபாளையத்தில் அமர்ந்துகொண்டு இரத்தம் உறிஞ்சும் காட்டேரியின் கதையை ஆராய்வானேன் என்பது நியாயமான கேள்விதான். அழிந்த ஏடும் வெட்டப்பட்ட படச்சுருளும் எழுப்பும் வினா ஒன்றே என்று நான் கருதுவதால் இதனை எழுதத் துணிந்தேன். நீக்கப்பட்டது எங்கே போயிற்று? அதை யார் காத்து வைத்தார்?

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்நாளில் ஆங்கிலப் படங்கள் நம் ஊர்களுக்குப் பெரும்பாலும் காலைக் காட்சியாகவே வரும். ஹாமர் நிறுவனத்தாரின் டிராகுலா படங்களுள் ஒன்று இராஜபாளையத்துக் கொட்டகை ஒன்றுக்கு வந்திருந்தது. திருவில்லிபுத்தூரிலிருந்து நண்பர்கள் மூவர் சைக்கிளில் வந்து சேர்ந்தனர். எங்களுள் ஒருவருக்கும் பதினெட்டு நிறையவில்லை. அரும்பு மீசையே நுழைவுச்சீட்டாயிற்று. படத்தின் உச்சகட்டத்தில், சவப்பெட்டிக்குள் கிடக்கும் பெண்ணின் மார்புக்கு நேராக மரமுளை வைக்கப்பட்டது, சுத்தியல் உயர்ந்தது, மறுகணம் திரையில் யாரோ ஒருவர் நடைபாதையில் அமைதியாக நடந்துகொண்டிருந்தார். அரங்கம் சீழ்க்கையால் அதிர்ந்தது. "ஆபரேட்டர் வெட்டிட்டான்!" என்று பின்வரிசையிலிருந்து கூச்சல் எழுந்தது.

காட்சி முடிந்ததும் படம் ஓட்டும் அறையின் படிக்கட்டில் அமர்ந்திருந்த பெரியவரிடமே போய்க் கேட்டோம். "நான் ஒருத்தன்தான் வெட்டினேன்னு நெனைக்கிறீங்களா தம்பி? சீமையிலயே வெட்டித்தான் அனுப்புறான். இங்க சென்சார்ல வெட்டுறான். கம்பெனிக்காரன் நீளம்னு வெட்டுறான். கடைசியில அறுந்துபோனத ஒட்ட நான் நாலு கட்டம் வெட்டுறேன். திட்டு மட்டும் எனக்கு" என்றார். திரைப்படத் தணிக்கையைப் பற்றிப் பின்னாளில் நான் படித்த எந்த நூலும் இவ்வளவு சுருக்கமாக உண்மையைச் சொல்லவில்லை.

அவர் 'சீமை' என்று குறிப்பிட்ட இடத்திலிருந்தே தொடங்குவோம். பிரிட்டனில் தணிக்கை வாரியம் அரசின் துறையாகத் தோன்றியதன்று. 1912ஆம் ஆண்டில் திரைத்தொழிலினர் தமக்குத் தாமே அமைத்துக்கொண்டது. முப்பதுகளில் திகில் படங்களுக்கென 'எச்' என்னும் தனி முத்திரை ஏற்பட்டது. உலகப் போரின்போது 1942 முதல் அவ்வகைப் படங்களுக்கு அனுமதியே மறுக்கப்பட்டது. மெய்யான குண்டுகள் விழும் காலத்தில் பொய்யான பேய் எதற்கு என்று எண்ணினார்கள் போலும். 1951 சனவரியில் 'எச்' மறைந்து 'எக்ஸ்' முத்திரை வந்தது. பதினாறு வயதுக்குட்பட்டோர் அப்படங்களைக் காணலாகாது.

இந்த ஏற்பாட்டின் கீழ்தான் ஹாமர் நிறுவனத்தின் 'டிராகுலா' 1958இல் வெளிவந்தது. பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய நாவலை ஜிம்மி சாங்ஸ்டர் திரைக்கதையாக்க, டெரன்ஸ் ஃபிஷர் இயக்கினார். கிறிஸ்டோபர் லீ டிராகுலாவாகவும், பீட்டர் குஷிங் அவனை வேட்டையாடும் வான் ஹெல்சிங்காகவும் நடித்தனர். 1931ஆம் ஆண்டின் அமெரிக்க 'டிராகுலா' கறுப்பு வெள்ளையில் வந்தது. இங்கோ இரத்தம் சிவப்பாகவே தெரிந்தது. தணிக்கையாளரை உறுத்தியது சிவப்பு மட்டும் அன்று. டிராகுலா மினாவின் படுக்கையறைக்குள் வந்து அவள் முகத்தருகே குனியும் காட்சியில், அவள் முகத்தில் அச்சத்தோடு விருப்பமும் தெரிந்தது. அக்காட்சி குறுகிற்று. இறுதியில் கதிரொளி பட்டு டிராகுலா சாம்பலாகும்போது, தன் கையாலேயே முகத்தின் தசையைப் பிய்த்துக்கொள்ளும் பகுதியும் நீக்கப்பட்டது. காட்டேரி சாகலாம், சாகும் விதம்தான் ஆகாது! முன்னதை நீக்கியது ஒழுக்கத்தின் பெயரால், பின்னதை நீக்கியது அருவருப்பின் பெயரால். இரண்டனுள் முன்னதே படத்தின் பொருளைச் சிதைத்த வெட்டு என்பது என் எண்ணம். பலியாகும் பெண் வெறும் பலியாக மட்டும் இல்லை என்பதுதானே அப்படம் புதிதாகச் சொல்ல வந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலண்டனில் 'எக்ஸ்' பிறந்த சில வாரங்களுக்குள், 1951 பிப்ரவரி 2ஆம் நாள், ஜூபிடர் நிறுவனத்தாரின் 'மர்மயோகி' வெளியாயிற்று. கே. ராம்நாத் இயக்கம், எம்.ஜி.ஆர். நாயகர், அஞ்சலி தேவி அரியணையைக் கவர்ந்த ஊர்வசி. தமிழில் 'ஏ' முத்திரை பெற்ற முதல் படம் இதுவே. காரணம் காதற்காட்சியன்று, பேய்க்காட்சி. ஊர்வசியின் சூழ்ச்சிக்கு இரையான மன்னரின் ஆவி அரண்மனையில் தோன்றி அவளை அலைக்கழிக்கிறது. மன்னராக நடித்தவர் செருகளத்தூர் சாமா. இதிலுள்ள வேடிக்கை யாதெனில், கதைப்படி அம்மன்னர் இறக்கவே இல்லை என்பதுதான். உயிர் தப்பிய அவரே மர்மயோகியாகவும் ஆவியாகவும் வேடம் புனைந்து வருகிறார். ஆக, இறவாத ஒருவரின் இல்லாத ஆவிக்காகத் தமிழ்நாட்டுச் சிறுவர்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது. சுடலைமாடனுக்கும் காட்டேரிக்கும் நள்ளிரவில் படையல் போடும்போது தகப்பன் தோளில் அமர்ந்து கண்கொட்டாமல் பார்க்கும் பிள்ளைகள் அவர்கள்!

அப்போது சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தவர் நம் இராஜபாளையத்துப் பூ. ச. குமாரசுவாமி ராஜா. 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை அப்பொறுப்பை வகித்தவர். பின்னர் ஒரிசாவின் ஆளுநரானவர். தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கு வழங்கியவர். அவர் ஆட்சியில்தான் எம்.ஜி.ஆர். படத்துக்கு 'ஏ' போட்டார்கள் என்று நம் ஊர்த் திண்ணைகளில் ஒரு பேச்சு உண்டு. அது பொருந்தாது. 1920 முதல் சென்னை, பம்பாய், கல்கத்தா, ரங்கூன் நகரங்களில் தனித்தனி வாரியங்கள் தணிக்கை செய்துவந்தது உண்மையே. ஆனால் 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, படங்களுக்கு அனுமதி வழங்கும் அதிகாரத்தை நடுவண் அரசின் பட்டியலில் சேர்த்துவிட்டது. 1951 சனவரியில் மத்திய வாரியம் செயற்படத் தொடங்கியது. கொட்டகைகளுக்கு உரிமம் வழங்குவது மட்டுமே மாநிலத்தின் கையில் நின்றது. வேலி டெல்லியுடையது, வாயிற்காவல் நம்முடையது. காவல் எப்படி நடந்தது என்பதற்கு எங்கள் அரும்பு மீசையே சான்று.

நம்மவர் படங்களில் கத்தரிக்கு மிகுதியும் இரையானது பேயன்று, அரசியலே. கே. சுப்ரமணியம் இயக்கிய 'தியாகபூமி' 1939இல் வெளியாகி ஓடிய படம். கல்கியின் கதை ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது படத்தின் காட்சிகளே ஓவியத்திற்கு மாற்றாக அச்சிடப்பட்டன. காங்கிரஸ் அமைச்சரவை விலகியபின் பிரிட்டிஷ் அரசு அதற்குத் தடை விதித்தது. 1952 அக்டோபரில் வந்த 'பராசக்தி'யைத் தடை செய்ய வேண்டுமென்ற குரல்கள் எழுந்ததும், வெளிவந்த படம் மறுபடி ஆராயப்பட்டதும் அன்பர்கள் அறிந்ததே. ஆயினும் திரையில் எதைத் தொட்டாலும் அதன் வசனம் நூலாக அச்சேறி ஊர்தோறும் மனப்பாடமாயிற்று. கொட்டகை வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகமும் இத்தகையதே. தொலைந்துபோன எத்தனையோ படங்களுக்கு இன்று எஞ்சியிருப்பது அந்த மெலிந்த தாளில் அச்சான பாட்டும் கதைச்சுருக்கமும்தான். ரோஜா முத்தையா அவர்கள் கோட்டையூரில் சேர்த்து வைத்த நூல்களோடு இவையும் சேர்ந்து, 1994 முதல் சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகத்தில் கிடைக்கின்றன. எடைக்குப் போட வேண்டிய காகிதம் என்று ஊரார் கருதியதை ஒருவர் சேர்த்ததால் வந்த பயன் அது.

டிராகுலாவின் கதை முடியவில்லை. டிராகுலா தன் முகத்தைப் பிய்த்துக்கொள்ளும் நிழற்படம் ஒன்று ரசிகர்களிடையே பல்லாண்டுகள் உலவி வந்தது. படத்தில் இல்லாத காட்சிக்கு நிழற்படம் எப்படி வந்தது? ஜப்பானுக்கு அனுப்பிய பிரதி வெட்டப்படாதது என்ற பேச்சும் கூடவே உலவியது. பலர் அதைக் கட்டுக்கதை என்றே தள்ளினர். 2011இல் டோக்கியோவின் தேசியத் திரைப்பட மையத்தில் அந்த ஜப்பானியப் பிரதியின் சுருள்கள் கண்டறியப்பட்டன. ஒன்பது சுருள்களுள் முதல் ஐந்து, 1984இல் அம்மையத்தில் நேர்ந்த தீயில் போய்விட்டன. ஆறு முதல் ஒன்பது வரை எஞ்சின. மினாவின் முகமும் டிராகுலாவின் சாவும் அந்த நான்கனுள் இருந்தன! சேதமுற்றிருந்தவற்றைச் செப்பனிட்டு, மற்றப் பகுதிகளோடு இணைத்து, 2012இல் இலண்டனில் திரையிட்டனர். மறு ஆண்டு அது வட்டாகவும் வெளிவந்தது. இலண்டனின் கத்தரி அகற்றியதை அரை நூற்றாண்டுக்குப்பின் டோக்கியோவின் அலமாரி திருப்பித் தந்தது.

நம் பக்கத்திலும் இதற்கு இணையான ஒரு கதை உண்டு. நாகர்கோவில் சுந்தரராஜ் தயாரித்து, பி. வி. ராவ் இயக்கிய 'மார்த்தாண்ட வர்மா' என்னும் ஊமைப்படம் 1933இல் வெளியானது. சி. வி. ராமன் பிள்ளையின் நாவலுக்கு உரிமை பெற்றிருந்த பதிப்பகத்தார் வழக்குத் தொடுக்க, படம் நின்றது. பிரதி பதிப்பகத்தாரிடம் போய்ச் சேர்ந்தது. ஓடி ஓடித் தேய்ந்து அழிந்த படங்களுக்கிடையே, ஓடாமல் முடங்கிய இந்தப் படம் பிழைத்தது. 1974இல் புனேயின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை மீட்டது. ஜெர்மனியில் முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற காட்டேரிப் படத்துக்கும் இப்படியே வழக்கு வந்தது. ஸ்டோக்கரின் மனைவி உரிமை கேட்டார். பிரதிகளை அழிக்குமாறு 1925இல் தீர்ப்பாயிற்று. அதற்குள் சில பிரதிகள் நாடு கடந்திருந்தமையால் படம் தப்பியது. தடையால் பிழைத்தது ஒன்று, தீர்ப்பை மீறிப் பிழைத்தது மற்றொன்று. ஆனால் 2003 சனவரியில் புனேயில் பற்றிய தீ நம் பழைய நைட்ரேட் சுருள்களை விழுங்கியபோது, அவற்றிற்கு வேறோர் ஊரில் மறுபிரதி இல்லை. நம் பேசும்படத்தின் தொடக்கமாகிய 1931ஆம் ஆண்டின் 'காளிதாஸ்' இன்று எங்கும் கிடைக்கவில்லை. அதை எந்தத் தணிக்கையாளரும் அழிக்கவில்லை என்பதை இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் எழுதும்போது என் நினைவு திருவில்லிபுத்தூருக்கே திரும்புகிறது. பெரியவாச்சான் பிள்ளை பதின்மூன்றாம் நூற்றாண்டில் நாலாயிரத்துக்கும் உரை கண்டவர். பெரியாழ்வார் திருமொழிக்கு அவர் செய்த உரையில் ஏறத்தாழ நானூறு பாசுரங்களுக்கான பகுதி செல்லரித்துப் போயிற்று என்பது வைணவ மரபு வழங்கும் செய்தி. பின்னர் வந்த மணவாள மாமுனிகள் அந்த நூலுக்கு முழுவதும் புதிதாக உரை எழுதவில்லை. அழிந்த இடத்திற்கு மட்டும் எழுதி, எஞ்சிய பழைய உரையை அப்படியே நிற்க விட்டார். செப்பனிடுவோர்க்கு இதனினும் நல்ல இலக்கணம் உண்டோ? ஆண்டாளின் நாச்சியார் திருமொழியிலும் ஊரறியப் பாடப்படுவது திருமணப் பாசுரமாகிய வாரணமாயிரமே. துணிவு மிக்க பாசுரங்கள் அவ்வளவாகப் பொதுவில் ஒலிப்பதில்லை. அதுவும் ஒருவகைத் தணிக்கைதான் என்பேன். ஆனால் ஏட்டைவிட்டு ஒரு சொல்லும் நீங்கவில்லை. பாடத் தயங்கியவர்களும் படியெடுக்கத் தயங்கவில்லை.

படிக்கட்டில் அமர்ந்திருந்த அந்தப் பெரியவர் தாம் வெட்டிய கட்டங்களை என்ன செய்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்களிடம்தான் கொடுத்தார். பல்பில் தண்ணீர் நிரப்பி, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, இருட்டறையில் வெள்ளை வேட்டியின்மேல் அப்பிலிம் துண்டுகளைக் காட்டிச் 'சினிமா' நடத்தாத சிறுவர் நம் இரண்டு ஊர்களிலும் அன்று உண்டா? உலகெங்கும் தேடப்பட்ட காட்சிகளின் நம்மூர்ப் பங்கு எங்கள் சட்டைப் பையில் கிடந்தது. சென்ற ஆண்டு வீட்டுப் பரணைத் துடைத்தபோது சிவகாசித் தீப்பெட்டி ஒன்று அகப்பட்டது. திறந்ததும் புளித்த காடியின் வாடை. வண்ணமெல்லாம் வெளிறிச் செம்மை மட்டும் நின்ற ஏழு கட்டங்கள். ஒரு பெண் முகம் திருப்புகிறாள். எந்தப் படம் என்று தெரியவில்லை.

வட்டத்தின் அடுத்த கூட்டத்திற்கு அதைக் கொண்டுவருகிறேன். பாட்டுப் புத்தகம், வசனப் புத்தகம், கொட்டகைத் துண்டறிக்கை, பிலிம் துண்டு எதுவாயினும் அன்பர்களின் வீட்டில் கிடந்தால் அவர்களும் எடுத்துவர வேண்டுகிறேன். கிழிந்திருந்தாலும் குற்றமில்லை.