எங்கள் ஊர்க் கணக்கை எங்கே தேடுவது?

எங்கள் சுங்குவார்சத்திரத்தில் 'கம்பெனி' என்றால் இப்போது இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் பக்கத்துத் தொழிற்சாலைகள்தான். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பும் இந்தச் சீமைக்கு ஒரு கம்பெனி வந்தது. அதைக் 'கும்பினி' என்றார்கள்.

1763-இல் ஆற்காடு நவாபு செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அங்கே என்ன விளைகிறது, அதில் யார் யாருக்குப் பங்கு என்பது கும்பினிக்குத் தெரியாது. தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளரை வைத்து 1767 முதல் 1774 வரை சுமார் 2,000 கிராமங்களை அளக்கச் செய்தார்கள். நன்செய், புன்செய், ஏரி, வீடுகள், தொழில்வாரியாகக் குடிகள், விளைச்சலில் கோயிலுக்கும் தச்சருக்கும் கணக்குப்பிள்ளைக்கும் போன பங்கு என எல்லாம் அதில் பதிவாயின. அந்த ஆவணங்களைத் தேடிப் படித்து வெளியே கொண்டுவந்தவர் தரம்பால். ஊர்க் கணக்கர்கள் எழுதிய ஓலைச்சுவடிகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எம்.ஏ. பொருளாதாரம் படிக்கும் எங்கள் தெருப் பெண் ஒருத்தி போன மாதம் வந்து, "தாத்தா, ப்ராஜெக்டுக்கு நம்ம ஊரையே எடுத்துக்கலாம்னு பார்த்தேன். நெட்ல ஒரு டேட்டாவும் இல்லையே" என்றாள். கணக்கு நிறையவே இருக்கிறது. எந்தக் கதவைத் தட்டுவது என்பதுதான் கேள்வி. அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். மற்ற மாணவர்களுக்கும் உதவலாம்.

முதல் கதவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2011-க்கான மாவட்டக் கையேட்டில் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் வீடுகள், மக்கள்தொகை, எழுத்தறிவு, விவசாயி, விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், இதர தொழில் என்று கணக்கு உண்டு. காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளர், அதற்குக் குறைந்தவர் குறுந்தொழிலாளர் என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள். இரண்டையும் கூட்டி எழுதிவிட்டால் ஊரில் எல்லாருக்கும் ஆண்டு முழுக்க வேலை இருப்பதுபோல் தோன்றும்.

பழைய கணக்கோடு ஒப்பிடும்போது எல்லையைப் பார்க்க வேண்டும். 1961 அறிக்கையில் 'செங்கற்பட்டு' என்று இருப்பது இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் அல்ல. 1997-இல் அந்தப் பெரிய மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனியாகப் போனது. இது தெரியாமல் கோடு போட்டால், மாவட்ட மக்கள்தொகை ஒரே நாளில் பாதாளத்தில் விழுந்ததாக வரைபடம் காட்டும்!

இரண்டாவது, பழைய நூல்கள். சார்லஸ் குரோல் 1879-இல் எழுதிய செங்கற்பட்டு மாவட்டக் கையேடு, ஏரிகளையும் மிராசு உரிமையையும் அறிய நல்ல துணை. அடுத்து கில்பர்ட் ஸ்லேட்டர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியரான அவர், 1916-இல் மாணவர்களை அவரவர் கிராமத்துக்கே அனுப்பிக் கணக்கு எடுக்க வைத்தார். 1918-இல் அது புத்தகமாக வந்தது. அந்தக் கிராமங்களில் ஒன்று தூசி. நம்மூர்க்காரர்களுக்குப் புதிய இடமில்லை. காஞ்சிபுரம் தாண்டிப் பாலாற்றைக் கடந்தால் வந்துவிடும். 1930-களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் ஸ்லேட்டர் கிராமங்களை மறுபடி ஆராய்ந்தார்கள். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகன் தூசிக்குத் திரும்பப் போனார். ஒரே கிராமத்தை இத்தனை முறை எண்ணிப் பார்த்த வாய்ப்பு உலகத்திலேயே சில இடங்களுக்குத்தான் கிடைத்திருக்கிறது.

மூன்றாவது எனக்குப் பழக்கமான கதவு, ரிசர்வ் வங்கி. நான் வங்கியில் இருந்த காலத்தில் மார்ச் முடிந்தாலே பி.எஸ்.ஆர். படிவம் நிரப்பும் வேலை கழுத்தை நெரிக்கும். 1972-இல் தொடங்கிய ஏற்பாடு அது. மாவட்டவாரியாக வைப்புத்தொகை, கடன் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. ரிசர்வ் வங்கித் தளத்தில் இலவசம். ஒரு நுணுக்கம் சொல்கிறேன். கடன் அனுமதித்த இடம் வேறு, பணம் செலவான இடம் வேறு. சென்னைக் கிளையில் கையெழுத்தான கடனில் ஒரகடத்தில் கட்டடம் எழும்பும். இரண்டுக்கும் படிவத்தில் தனித்தனி இடம் உண்டு. எந்த அட்டவணை எதைச் சொல்கிறது என்று தலைப்பைப் படித்துவிட்டுத்தான் எண்ணை எடுக்க வேண்டும்.

நான்காவது, ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு. நேரடித் தொழிலாளர் எத்தனை, ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர் எத்தனை என்று பிரித்துக் காட்டும். நம் பக்கத்து வேலையைப் புரிந்துகொள்ள இதைவிட முக்கியமான பிரிவு கிடையாது. ஆனால் வெளியாகும் அட்டவணைகள் பெரும்பாலும் மாநில அளவில்தான். ஊர் அளவுக்கு இறங்காது.

இங்கேதான் நம் ஊரின் சிக்கல் தொடங்குகிறது. ஹூண்டாய் ஆலையில் 1998-இல் உற்பத்தி தொடங்கியது. நோக்கியா 2006-இல் வந்து 2014-இல் மூடியது. அதன் பிறகு வந்தவை எத்தனையோ. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காகத் திறந்த விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். ஒரு சின்ன நகரமே அந்தக் கட்டடங்களுக்குள் இருக்கிறது! நம்மிடம் இருக்கும் கடைசி மக்கள்தொகைக் கணக்கோ 2011-உடையது. 2021-இல் எடுக்க வேண்டியது தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள்.

ஊராட்சிக்கு வரும் மானியத்தில் மக்கள்தொகை ஓர் அளவுகோல். பழைய தலைக்கணக்குக்குப் பணம் வருகிறது. குடிநீரும் குப்பை வண்டியும் இன்றைய தலைகளுக்குத் தேவைப்படுகின்றன. தூத்துக்குடியிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து இங்கே ஷிப்டுக்குப் போகும் பிள்ளை, 2011 கணக்கில் வேறு எங்கோ ஒரு வீட்டில் குழந்தையாக இருக்கிறாள்.

பர்னார்ட் வரி வாங்குவதற்காக எண்ணினார். ஸ்லேட்டர் மக்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று அறிய எண்ண வைத்தார். யார், எதற்காக எண்ணினார்கள் என்று முதலில் கேளுங்கள். அந்த எண்ணில் எது இருக்கும், எது விடுபட்டிருக்கும் என்று பாதி விளங்கிவிடும். இணையத்தில் இல்லாத மீதிக்கு ஸ்லேட்டரின் மாணவர்கள் காட்டிய வழி இருக்கிறது. ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து, வீடு வீடாகப் போய், வாடகை எவ்வளவு, ஓர் அறையில் எத்தனை பேர், தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டு எழுதி, தேதியும் போட்டு வையுங்கள். நூறு வீடு போதும். பத்து வருடம் கழித்து இந்த ஊரைப் படிக்க வருகிறவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.