அறிவை மூடிய திரை

அறபு மொழியில் சித்தம் கலங்கியவனை ‘மஜ்னூன்’ என்பர். ஜீம், நூன், நூன் என்னும் மூவெழுத்து வேரில் பிறந்த சொல் இது. மறைத்தல் என்பது அவ்வேரின் பொருள். கண்ணுக்கு மறைந்திருப்பதால் ஜின்; தாயின் வயிற்றில் மறைந்திருப்பதால் கருவுக்கு ஜனீன்; மரங்கள் அடர்ந்து நிலத்தை மறைப்பதால் சோலைக்கு ஜன்னத். ஜின் பிடித்தவன் என்று மஜ்னூனுக்குப் பொருள் கொள்வாரும் உளர். எனினும், அறிவு மறைக்கப்பட்டவன் என்பதே வேரோடு பொருந்திய பொருள். மறைந்தது மீண்டும் வெளிப்படக்கூடும் என்னும் நம்பிக்கை அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது.

அந்நம்பிக்கையின் மேல்தான் நம் முன்னோர் மருத்துவமனைகளை எழுப்பினர். ஒவ்வொரு பிணிக்கும் மருந்துண்டு, சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததை அவர்கள் உள்ளத்தின் பிணிக்கும் உரியதாகக் கொண்டனர். கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார். சுல்தான் நூருத்தீன் 1154இல் டமாஸ்கஸிலும், சுல்தான் கலாவூன் 1284இல் கெய்ரோவிலும் நிறுவிய பீமாரிஸ்தான்கள் வக்ஃபு வருவாயில் நடந்தன. சித்தம் கலங்கியோர்க்கும் அவற்றில் இடமிருந்தது. 1354இல் அலெப்போவில் எழுந்த அர்கூன் பீமாரிஸ்தானில் அத்தகையோர்க்கென நீரூற்றுடன் கூடிய உள்முற்றங்கள் அமைந்தன. ஆயினும், 1184இல் டமாஸ்கஸைக் கண்ட பயணி இப்னு ஜுபைர், அங்கே பித்துற்றோர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்ததையும் குறித்துள்ளார். மருந்தும் சங்கிலியும் ஒரே கூரையின்கீழ் இருந்தன என்பதையும் வரலாறு மறைக்கவில்லை.

இனி நம் சென்னைக்கு வருவோம். 1794இல் வாலண்டைன் கானலி என்னும் கும்பெனி மருத்துவர் இந்நகரில் சித்தம் கலங்கியோர்க்கென ஓர் இல்லம் தொடங்கினார். 1871இல் அரசினர் காப்பகம் கீழ்ப்பாக்கத்தில் இயங்கலாயிற்று. நெடுங்காலம் அது அடைத்து வைக்கும் இடமாகவே மக்களின் மனத்தில் பதிந்திருந்தது. 1952இல் பாரிஸில் குளோர்ப்ரோமசின் என்னும் மருந்து பயனுக்கு வந்தபின் உலகெங்கும் நிலை மாறத் தொடங்கிற்று. கீழ்ப்பாக்கத்தின் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை பணியாற்றிய டாக்டர் சாரதா மேனன் அம்மையார், நோயாளி குடும்பத்திற்கும் தொழிலுக்கும் திரும்ப வேண்டும் என்பதற்காக உழைத்தார். 1984இல் அவர் நிறுவிய ‘ஸ்கார்ஃப்’ என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் அண்ணாநகர் மேற்கு விரிவில் இயங்கி வருகிறது.

இந்நோய் பெரும்பாலும் இளமையிலேயே தலைகாட்டும். உறக்கம் குலையும்; படிப்பிலும் வேலையிலும் நாட்டம் அறும்; உற்றாரையே ஐயுறுவர்; பிறர்க்குக் கேளாத குரல்கள் கேட்கும். சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் 1981–82இல், மனச்சிதைவு முதன்முறையாகத் தோன்றிய 90 பேரைத் தேர்ந்து மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தனர். பத்தாண்டு முடிவில் ஆராயப்பட்ட 76 பேரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரின் நிலை நன்றாயிருந்தது. பின்னர் ஸ்கார்ஃப் நிறுவனத்தாரும் கனடாவின் மான்ட்ரியல் மருத்துவர்களும் தம் இளம் நோயாளரை ஈராண்டு ஒருங்கே ஆராய்ந்தனர். ஊக்கமின்மை, ஒதுங்கியிருத்தல் போன்ற குறைகள் சென்னைப் பிள்ளைகளிடம் கூடுதலாகத் தணிந்திருந்தன. சென்னையில் குடும்பத்தாரின் துணையும் மிகுதியாயிருந்தது. நம் குடும்பங்களின் பாசத்திற்கு எத்துணை மதிப்புண்டு என்பதற்கு இஃதொரு சான்று.

அதே பாசம் வெட்கத்திற்கு அஞ்சி நோயை மூடி வைக்கும்போதுதான் கேடு விளைகிறது. தங்கையின் நிக்காஹ் தடைபடுமே என்று தாய் மறைக்கிறாள். செய்வினை என்றும் பார்வை என்றும் சொல்லி மாதங்கள் கழிகின்றன. நோய் போட்ட திரையின்மேல் நாம் இரண்டாவது திரை போடுகிறோம். சிகிச்சையின்றி நாள் நீள நீள, குணமாவது கடினமாகிறது.

2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலை, ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றிக் கருகினர். மாண்டோர் 28 பேர். தர்காவை நாடி வந்த குடும்பங்களின் நம்பிக்கையைச் சிலர் வாணிபமாக்கியதன் விளைவு அது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வகையிலும் சங்கிலியிடுதலைத் தடை செய்துள்ளது. பிற்காலத்தில் அதே ஏர்வாடியில் ‘தவா–துஆ’ என்னும் பெயரில் அரசு மருத்துவமும் பிரார்த்தனையும் அருகருகே இடம்பெற்றன. நூருத்தீனும் கலாவூனும் கொண்ட வழியும் அதுவே.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வாழ் நம் மக்களுக்குக் கீழ்ப்பாக்கமும் அண்ணாநகரும் எட்டாத தொலைவில் இல்லை. வழி தெரியாதவர்க்கு 14416 என்னும் அரசின் இலவசத் தொலைபேசி எண் 2022 முதல் இருக்கிறது. தொடங்கிய மருந்தை, தெளிவு வந்துவிட்டதென்று மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவதும் தீங்காகும். நோய் பெரும்பாலும் திரும்பும். நம் ஜமாஅத்தார் நிக்காஹ் மண்டபத்திற்குத் திரட்டும் நிதியில் ஒரு சிறு பங்கை இப்பிள்ளைகளின் மருந்துக்கும் பயணத்திற்கும் ஒதுக்கினால், அது பழைய வக்ஃபுகளின் தொடர்ச்சியாகும்.

சித்தம் தெளியும்வரை பித்துற்றவர் மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்பது ஷரீஅத்தின் விதி. அல்லாஹ் குற்றம் எழுதாத பிள்ளையின் பெயரைச் சொல்ல நாம் ஏன் நாணவேண்டும்? துஆவுக்குக் கையேந்துவோம், அந்தக் கையாலேயே பிள்ளையின் கைபிடித்து, காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம்.